கழுவிய சுவர்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாங்க. கதை பாதியில் இருக்கும்போது கருகல் வாசம் வந்தால் பழி என் தலையில்தான் விழும். இன்றைக்குச் சொல்லப் போவது கொஞ்சம் கசப்பான கதை. நம் வீடுகளுக்குள் நடக்கிற கதைதான். முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, எழுந்து போய்விடாதீங்க.

போன வாரம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை.

அது ஒரு மாடி வீடு. மேலே பெரியவர் குடும்பம். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், கட்டடமும் அவருடையதுதான். கீழே அவருடைய தம்பி வாடகைக்கு இருக்கிறான். பஸ் ஓட்டுகிறவன், அதனால் நமக்கு அவன் டிரைவர். அவன் பெண்டாட்டியைச் சின்னவள் என்பார்கள். ஹாலில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட உடுப்பு தைக்கிறவள்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே பிறந்தவள் ஒருத்தி. கல்யாணம் ஆகவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே அவளுக்குச் சலவையக்கா என்று பெயர், நமக்கும் அதுவே இருக்கட்டும். எப்பேர்ப்பட்ட ரத்தக் கறையும் அவள் கைக்குத் தப்பியதில்லை. கீழ் வீட்டின் பின்னறையில்தான் அவளுக்குக் கட்டில். சின்னவள் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

பெரியவர் மாடியில் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார். கடையிலேயே உசத்தியான டைல்ஸ். அன்றிலிருந்து நேர் கீழே இருக்கிற பின்னறைச் சுவர் ஊற ஆரம்பித்தது. மேலே அண்ணன் குளித்தால் கீழே தங்கையின் தலைமாட்டில் நனையும். முதலில் மஞ்சளாக ஒரு திட்டு. அப்புறம் சுண்ணாம்பு பொரிந்தது. பிறகு கறுப்பாகப் பூஞ்சை ஏறியது. அதோடு சலவையக்காவின் நெஞ்சில் ஒரு இருமலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சின்னவள் சொல்லிப் பார்த்தாள். பெரியவர் "பார்க்கலாம்" என்றார். பெரியவர் பெண்டாட்டி, "ஜன்னலைத் திறந்து வெச்சா சரியாப் போயிடும்" என்றாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், வாடகை வீடுகளைக் கவனிக்கிற பராமரிப்பு அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள் சின்னவள். ஆய்வாளர் வருவதாகப் பதில் வந்ததும்தான் வீட்டில் இடி விழுந்தது. "கூடப் பிறந்தவர் மேலயே புகாரா?" என்று டிரைவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனானே, அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

இன்று அந்த ஆய்வு நாள்.

*

காலையில் டிரைவர் சாப்பாட்டு டப்பாவை எடுக்காமலேயே கிளம்பினான்.

"டப்பா இருக்குங்க."

"இருக்கட்டும். சாயங்காலம் வர்ற வரைக்கும் இந்த வீட்டுச் சோறு எனக்கு வேணாம்."

"வீடு உங்க அண்ணனோடது. சோறு என்னோடதுங்க. எடுத்துட்டுப் போங்க."

அவன் செருப்பை மாட்டினான். "ஆய்வாளர் வந்து என்னத்தைக் கிழிக்கறாங்கன்னு பார்க்கறேன். அண்ணன் முகத்துல இனிமே எப்படி முழிப்பேன்னு நீ யோசிச்சியா?"

"உங்க அக்கா மூச்சை நான் யோசிச்சேன்."

பதில் இல்லாதபோது ஆண்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

சின்னவளுக்கு அன்றைக்கென்று ஒரு வேலை வந்து சேர்ந்தது. தைத்த உடுப்பையெல்லாம் கடையில் கொண்டு போய்ச் சேர்த்தாக வேண்டும், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஆய்வாளர் மதியத்துக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணி, நான் போயிட்டு ஓடி வந்துடறேன். நான் வர்றதுக்குள்ள அவங்க வந்துட்டா உட்கார வைங்க. சுவரைக் காட்டுங்க. இருமல் எப்ப ஆரம்பிச்சதுன்னு கேப்பாங்க, உள்ளதைச் சொல்லுங்க. அது போதும்."

கட்டிலில் உட்கார்ந்து கம்பளியை மடித்துக்கொண்டிருந்த சலவையக்கா நிமிரவில்லை. "போயிட்டு வா. இங்க நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள் கண்ணுகளா. நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

*

சின்னவள் திரும்பும்போது, தெருவாசலிலேயே மூக்கில் சுரீர் என்று ஏறியது ஒரு நெடி. கண்ணில் நீர் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்கு ஓடினாள்.

அறை வெள்ளை வெளேரென்று இருந்தது.

கட்டிலில் இஸ்திரி போட்ட விரிப்பு, ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி நான்கு மூலையும் இழுத்து மடித்துச் செருகியிருந்தது. தரை துடைத்துக் காய்ந்திருந்தது. தலைமாட்டுச் சுவரில் அந்தக் கறுப்பு இல்லை. மஞ்சள் திட்டும் இல்லை. பொரிந்து தொங்கிய சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டி எடுத்து, தேங்காய் நார் வைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்திருந்தாள். ஈரமாக, பளபளவென்று, தலைக்குக் குளித்து வந்த பெண் மாதிரி நின்றது சுவர்.

சலவையக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"என்ன அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வீட்டுக்கு ஒருத்தர் வர்றாங்கன்னா…" இருமல் விட்டதும் சொன்னாள். "அப்படியேவா போட்டு வைக்கறது? நாலு பேர் நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? பொம்பளைங்க இருக்கற வீடா இதுன்னு கேக்க மாட்டாங்க?"

"அவங்க அழுக்கைப் பார்க்கத்தானே வர்றாங்க!"

"அழுக்கைப் பார்க்க யாராவது வருவாங்களா?"

சின்னவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத அந்த நேரத்தில் வாசலில் அழைப்பு மணி அடித்தது.

*

ஆய்வாளர் சின்ன வயசுப் பெண். தோளில் ஒரு பை, கையில் டார்ச். வாய்க்குள் பேசுகிற மாதிரி மெல்லப் பேசினாள், கண் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"ஆசிட் போட்டுக் கழுவினீங்களா?"

"சுத்தம் பண்ணினேன்" என்றாள் சலவையக்கா. "உட்காருங்க, டீ போடறேன்."

"வேணாம்மா. எந்த வீட்டுலயும் ஒண்ணும் குடிக்கக் கூடாது எங்களுக்கு."

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தாள். முனையில் இரண்டு ஊசி. சுவரில் குத்திப் பார்த்தாள். ஓரிடம், அதற்கு மேலே ஓரிடம், மூலையில் ஓரிடம். கருவி கீ கீ என்று கத்தியது.

சின்னவளுக்கு உயிர் வந்தது. "பாருங்க மேடம்! ஈரம்னு சொல்லுதில்ல?"

"சொல்லுது." ஆய்வாளர் பெருமூச்சு விட்டாள். "இப்பதானே கழுவியிருக்காங்க. கழுவின சுவர்ல ஊசி வெச்சா ஈரம்னுதான் காட்டும். இது மேல இருந்து வந்த தண்ணியா, வாளித் தண்ணியான்னு இந்த மெஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

"என்கிட்ட போட்டோ இருக்கு." சின்னவள் போனை நீட்டினாள். கறுப்புச் சுவர், மஞ்சள் சுவர், தலையணை ஓரத்தில் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பு.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சலவையக்கா பக்கம் திரும்பினாள்.

"இந்த ரூம்ல படுக்கறது நீங்கதானேம்மா? போட்டோவைவிட நீங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம். மேல தண்ணி விட்டா இந்தச் சுவர் நனையுமா?"

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் முகத்தையே பார்த்தாள்.

"சுவர்னா… கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்" என்றாள் சலவையக்கா.

"சுவருக்கு வேர்க்காதும்மா. மனுஷங்களுக்குத்தான் வேர்க்கும்."

"அப்படிச் சொல்லிக்கற அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அண்ணி!"

"நீ சும்மா இரு. என் ரூம் எனக்குத் தெரியாதா?"

இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், அது தோளைக் குலுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஆய்வாளர் காத்திருந்தாள்.

"இந்த இருமல் எப்பத்துலேர்ந்து?"

"அது பழசு. சலவைக்கூடத்து ஆவி. வேலை குடுத்த சீதனம்." சொல்லிவிட்டுச் சிரித்துக்காட்டினாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. டார்ச்சை மேலே அடித்தாள். கூரையை ஒட்டிய காற்றுத் துவாரத்தில் பழைய விரிப்பு ஒன்று சுருட்டி அடைத்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி அதை இழுத்தாள். தூசியோடு வந்து விழுந்தது. துவாரத்தின் வழியாகச் சாக்கடை நாற்றம் குப்பென்று அடித்தது.

"இதை யார் அடைச்சது?"

"நாங்கதான்" என்றாள் சின்னவள். "மாடிக் குளியலறைக் கழிவுக் குழாய் அதுக்கு நேர் வெளியில போகுது. தெறிக்குது, நாறுது. அடைக்காம எப்படி மேடம் தூங்கறது?"

"மனுஷங்க தூங்கற ரூம்ல ஈரம் இருக்கக் கூடாது. அது வீட்டுக்காரர் பொறுப்பு. காத்து வர்ற வழியை அடைக்கக் கூடாது. அது குடியிருக்கறவங்க பொறுப்பு. விதி அப்படித்தான். ஈரம்னு நான் எழுதினாத்தான் மேல கதவைத் தட்டி, குளியலறையைத் திறந்து காட்டுங்கன்னு கேக்க முடியும். படுக்கறவங்களே ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க. நான் எதை வெச்சு எழுதுவேன்?"

"அப்ப இன்னைக்கு என்னதான் எழுதுவீங்க?"

அந்தப் பெண்ணுக்கே கூசியது. குரலை இன்னும் தாழ்த்தினாள். "காத்து வழி அடைச்சிருந்ததுன்னு."

குறை கேட்க வந்த இடத்தில், குறை சொன்னவள் மேலேயே குறை. சின்னவள் சுவரில் சாயப் போனாள். ஈரம் என்று நினைவு வந்து நிமிர்ந்துகொண்டாள்.

வாசல் வரை கூடப் போனாள். படியிறங்கும் முன் ஆய்வாளர் நின்றாள்.

"எனக்குத் தெரியாம இல்லக்கா. இது மாதிரி வீடுகளை நிறையப் பார்த்திருக்கேன். நான் வர்றேன்னு சொன்னதுமே எல்லாரும் வீட்டைக் கழுவி வெச்சிடறாங்க." தன் நம்பரைச் சின்னவளின் போனில் போட்டுக் கொடுத்தாள். "சுவர் காஞ்சு மறுபடி ஊறினா, அந்த அம்மாவே என்னைக் கூப்பிடணும். அவங்க வாயால கூப்பிட்டா வருவேன். நீங்க கூப்பிட்டா, ஒரு தடவை பார்த்தாச்சுன்னு ஆபீஸ்ல மூடிடுவாங்க."

போகிற போக்கில், கட்டடத்துக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது அவள் கடமை. மாடிப்படி ஏறினாள். மேலே கதவு திறந்தது, பெரியவர் குரல் கேட்டது, கதவு மூடியது. இறங்கிப் போகையில் சின்னவளைப் பார்க்காமலே போனாள்.

*

பின்னறையில் சலவையக்கா தரையில் உட்கார்ந்து, அந்தப் பழைய விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். அழுக்கு விரிப்பையும் ஓரத்துக்கு ஓரம் சேர்த்துத்தான் மடிப்பாள் அவள்.

"யாருக்காக அண்ணி இந்தப் புகார்? எனக்கா? நான் ஹால்ல காத்தாட தூங்கறேன். ராத்திரி எல்லாம் நீங்க இருமறதைக் கேட்டுக் கேட்டுத்தானே போனேன்? உங்க தம்பி திட்டினார், தாங்கிக்கிட்டேன். உங்க ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன்!"

"அந்நியப் பொண்ணுகிட்ட அண்ணனைப் பத்திக் குறை சொல்லச் சொல்றியா?"

"சுவரைப் பத்திச் சொல்லச் சொன்னேன்!"

"ரெண்டும் ஒண்ணுதான்."

சின்னவள் வாளியை எடுக்கக் குனிந்தாள். அதன் பின்னால் ஒரு வெள்ளைப் பாட்டில். வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. திருப்பிப் பார்த்தாள். டைல்ஸ் ஒட்டின பிறகு சிமெண்ட் கறையைப் போக்குகிற ஆசிட். மேலே பெரியவர் கடையின் ஸ்டிக்கர்.

பாட்டிலைக் கட்டில் மேல் வைத்தாள். "இது எப்படி வந்தது?"

சலவையக்கா விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது எப்படி இங்க வந்தது?"

"நேத்து சாயங்காலம் நீ மார்க்கெட் போயிருந்தப்ப அண்ணன் வந்தாரு." அந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "இந்தக் கட்டில்லதான் உட்கார்ந்தாரு. பாப்பா, நாளைக்கு ஒரு ஆள் வர்றாங்களாம், உன் கைக்குப் போகாத கறையான்னாரு. பாப்பான்னு கூப்பிட்டாரும்மா. சின்ன வயசுல கூப்பிட்டது. அப்புறம் இப்பதான்."

"கூப்பிட்டுட்டு ஆசிட்டைக் குடுத்தாராக்கும். மூக்கைக் கட்டிக்கோன்னாவது சொன்னாரா?"

"அந்த ஆள் வந்துட்டுப் போகட்டும், அதுக்கப்புறம் நானே மேஸ்திரியைக் கூப்பிட்டு சரி பண்ணித் தர்றேன்னாரு. நமக்கு வேண்டியது அதுதானே? ஆபீஸ் சொல்லிச் செஞ்சா என்ன, அண்ணனாச் செஞ்சா என்ன? மானம் மரியாதையோட முடியட்டுமே."

சின்னவள் அவளையே பார்த்தாள். கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. ஒரே ஒரு பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டதற்காகக் கையை வேக வைத்துக்கொண்டவளிடம் என்ன சண்டை போடுவது?

"சரி. அவங்க வந்துட்டுப் போயாச்சு. உங்க அண்ணன் மானத்தை நீங்க காப்பாத்தியாச்சு. இப்ப மேல போய்க் கேளுங்க, மேஸ்திரி எப்ப வருவாருன்னு."

"கேக்கறேன். ஏன் கேக்க மாட்டேன்?"

எழுந்தாள். அண்ணன் மதியத் தூக்கம் முடியும் வரை பொறுத்து, சாயங்காலமாக முகம் கழுவினாள். விசேஷத்துக்குப் போகிற மாதிரி வேறு சேலை மாற்றிக்கொண்டாள். பாருங்கள் கண்ணுகளா, மாடி வீட்டுக்குப் போகச் சேலை மாற்றுகிறாள்!

*

அவளுக்கு மாடிப்படி என்றால் மலை. கைப்பிடியைப் பிடித்து ஏறினாள், திருப்பத்தில் நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி ஏறினாள். எங்கேயாவது மயங்கி விழுந்துவிடப் போகிறாளே என்று ஒரு டம்ளர் தண்ணீரோடு பின்னாலேயே வந்த சின்னவள், திருப்பத்துக்குக் கீழேயே நின்றுவிட்டாள். அண்ணன் தங்கை பேச்சில் தான் எதற்கு என்றுதான் நின்றாள். அங்கே நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

கதவைத் திறந்தது பெரியவர் பெண்டாட்டி.

"அடடே, வாங்க வாங்க. கொஞ்சம் காலைத் தட்டிட்டு வர்றீங்களா? இப்பதான் தரையைத் துடைச்சேன்."

"இங்கயே நிக்கறேன். அண்ணன் இருக்காரா?"

செருப்புச் சத்தம். பெரியவர் வந்தார். "என்ன?"

பாப்பா இல்லை. வெறும் "என்ன".

"அந்தப் பொண்ணு வந்துட்டுப் போயிடுச்சு அண்ணே."

"தெரியும். என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போச்சு."

"நான் ஒண்ணும் காட்டிக் குடுக்கல."

"நல்லது."

சலவையக்கா மூச்சை இழுத்து விடுகிற விசில் மட்டும் படியில் இறங்கி வந்தது.

"இல்ல… மேஸ்திரி எப்ப வருவாரு? அவர் வர்ற நாள் தெரிஞ்சா கட்டிலை நகர்த்தி வெச்சுக்குவேன்."

"எந்த மேஸ்திரி?"

"நேத்து சொன்னீங்களே அண்ணே. குழாய்க்கு."

"கீழ ஒரு குறையும் இல்லைன்னு ஆய்வாளரே சொல்லிட்டுப் போறாங்க. நீயும் ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்ன?" குரல் ஏறவேயில்லை. கடையில் வாடிக்கையாளருக்குக் கணக்கு விளக்குகிற குரல். "ஒண்ணும் இல்லாததுக்கு நல்ல டைல்ஸை உடைக்கச் சொல்றியா?"

"அந்தக் கலர் இப்ப வர்றதே இல்ல" என்றாள் பெரியவர் பெண்டாட்டி. "ஒண்ணு உடைஞ்சாலும் மாத்து கிடையாது."

"நீங்க சொன்னதாலதான் அண்ணே நான்…"

"காத்து வழியைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்காங்க. அதைச் செய், தானாக் காஞ்சிடும். ஆங், அந்தப் பாட்டில்ல மிச்சம் இருந்தா யார்கிட்டயாவது குடுத்து விடு. கடைக்கு வேணும்."

கதவு சாத்துகிற சத்தம். ஓங்கிச் சாத்தவில்லை. நாசூக்காகத்தான் சாத்தினார்கள்.

சின்னவள் சத்தமில்லாமல் இறங்கி ஓடினாள். தான் கேட்டது அண்ணிக்குத் தெரிந்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூல்கூடக் கோக்காமல் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். சலவையக்கா இறங்கி வர அவ்வளவு நேரம் ஆனது. ஒவ்வொரு படியிலும் நின்றிருப்பாள் போலிருக்கிறது.

அவள் நிலைப்படியைத் தாண்டவும், டிரைவர் வேலை முடிந்து வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது.

"என்ன, வந்தாங்களா உன் ஆய்வாளர்?" என்றான் சின்னவளைப் பார்த்து. "என்ன தீர்ப்பு?"

சின்னவள் வாயைத் திறக்கும் முன் சலவையக்கா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் எதுக்குடா? நான் அண்ணன்கிட்ட நேராக் கேட்டுட்டு வர்றேன். செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டாரு."

மெஷின் நின்றது.

"நிஜமாவாக்கா?"

"ஆமா. மேஸ்திரி வெளியூர் போயிருக்காராம். வந்ததும் முதல் வேலை இதுதானாம்."

இப்படி ஒரு பொய்யை அவள் அதற்கு முன் சொல்லியிருக்க மாட்டாள். ஆனாலும் எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள், வெளுத்துக் கஞ்சி போட்ட மாதிரி. அண்ணன் கதவைச் சாத்தினார் என்று தம்பியிடம் சொன்னால், இரண்டு பேருக்கும் நடுவே அறுந்துவிடுமே என்று அவளுக்குப் பயம். நடுவில் பிறந்தவள் அல்லவா, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தே பழகிப்போனது.

டிரைவர் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் விட்டுப்போன டப்பாவைத் தானே திறந்து, ஆறிப்போன சோற்றை அள்ளி வாயில் போட்டான்.

"பார்த்தியா? எங்க அண்ணனைப் பத்தி என்ன நினைச்ச? ஒரு வார்த்தை கேட்டா முடியற விஷயம். இதுக்குப் போய் ஊரைக் கூட்டினியே!"

சின்னவள் நாத்தனாரைப் பார்த்தாள். சலவையக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லிடாதே.

அப்படியென்றால் தான் படியில் நின்றது அவளுக்குத் தெரியும் என்று சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நாளைக்குக் காலைல மேல போய் அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டுடு" என்றான் டிரைவர், வாயில் சோற்றோடு. "மாடி அண்ணிகிட்டயும். தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு. பெரிய மனசு, விட்டுடுவாரு."

சின்னவள் எழுந்தாள். பின்னறையிலிருந்து தலையணையை எடுத்து வந்து ஹாலில் போட்டாள். "அண்ணி, இன்னைக்கு இங்க படுங்க. உள்ள நெடி இன்னும் போகல."

"ஏன்? அதான் பளிச்சுன்னு இருக்கே" என்றான் டிரைவர் எட்டிப் பார்த்து. "இதுக்குப் போயா புகார்? கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு."

"ஆமாடா. நல்லாத்தான் இருக்கு."

சலவையக்கா தலையணையைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். இன்று ஹாலில் படுத்தால் தம்பி ஏன் என்று கேட்பான். ஏன் என்று ஆரம்பித்தால் அது மாடி வரைக்கும் போகும். உள்ளே போனாள். அந்த ஈரத்துக்கும் ஆசிட்டுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டு, கதவையும் தானே சாத்திக்கொண்டாள்.

விளக்கு போடுகிற நேரம்கூட இன்னும் வரவில்லை. உள்ளே இருமல் ஆரம்பித்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுகிற இருமல். டிரைவர் கை சோற்றில் ஒரு கணம் நின்றது. அவனுக்கும் கேட்டது. எட்டி ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தை ஏற்றினான்.

"சொன்னது காதுல விழுந்துச்சா? நாளைக்கு மேல போவியா மாட்டியா?"

சின்னவள் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் போன், அதில் அந்தப் பெண்ணின் நம்பர். அந்த அம்மா வாயால கூப்பிடணும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தானே அண்ணியாகப் பேசினால், போனில் கேட்கிற குரல் யாருடையது என்று யார் கண்டார்கள்?

"போறேங்க" என்றாள். "நாளைக்கு நானே போறேன்."

மன்னிப்பு கேட்கப் போகிறாளா, வேறு எதையாவது கேட்கப் போகிறாளா? அவள் முகத்திலிருந்து எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை கண்ணுகளா.

சரி, நேரமாகிவிட்டது, எழுந்திருங்க. நீங்கள் படுக்கிற அறையில் காற்று தாராளமாக வந்து போகட்டும். உங்கள் தலைமாட்டுச் சுவர் என்றைக்கும் காய்ந்திருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டினால், அதை வாய்விட்டுச் சொல்லுகிற துணிச்சல் அவர்களுக்கு இருக்கட்டும். கேட்கிறவர்களுக்குக் காது இருக்கட்டும். பிள்ளை குட்டிகளோடு நல்லா இருங்க என் கண்ணுகளா.